அளவை யார் சொல்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுச் சாமான் வாங்கும் முறை எப்படியெல்லாம் மாறிவிட்டது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைபேசியில் தட்டினால் வாசலுக்கே வந்துவிடுகிறது, இதுதான் பெரிய மாற்றம் என்று போட்டிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் சீட்டை நீட்டிவிட்டு நிற்பதுதான் வேலை. கடைக்காரர் எடுத்துக் கட்டித் தருவார், சுமை அதிகமென்றால் ஆள் வீட்டுக்கே கொண்டுவந்து போடுவார். இப்போது சீட்டுக்குப் பதில் கைபேசி, கடைக்காரருக்குப் பதில் முகம் தெரியாத ஒருவர் ஏதோ ஒரு கிடங்கில் அலமாரி அலமாரியாக ஓடி எடுக்கிறார். பழைய முறைதான் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது. நடுவில் நாமே கூடையைத் தூக்கிக்கொண்டு எடுத்துப் போட்டுக்கொண்டோமே, அதுதான் புதுசு. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்தார். உள்ளே நுழைந்தால் எல்லா அலமாரியையும் தாண்டித்தான் வெளியே வர முடியும், அப்படி வழியை வளைத்து வைத்தார், அடுத்த வருடமே அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். எடுத்துக் கொடுக்கும் ஆளுக்கான கூலி மிச்சம், போகிற வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் ஜனங்கள் கூடையில் போட்டுக்கொள்வதும் லாபம். கூடை கனத்தால் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்களே என்ற கடைக்காரர்களின் கவலையையும் 1937இல் அதே அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மன் தீர்த்துவைத்தார், சக்கரம் வைத்த தள்ளுவண்டியால். முதலில் யாருமே அதைத் தொடவில்லையாம். கூலிக்கு ஆள் பிடித்து, சாமான் வாங்க வந்தவர்கள் மாதிரி கடைக்குள் தள்ளிக்கொண்டு நடக்கவிட்டாராம் மனுஷன்!

வீட்டில் உட்கார்ந்தபடி ஆர்டர் செய்வதும் நேற்று வந்ததில்லை. 1984லேயே இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பாட்டி டிவி ரிமோட்டை அழுத்திக் கடைச் சாமான் வரவழைத்திருக்கிறார்.

சரி, அப்படியானால் மாறியது எது? என்னைக் கேட்டால் அளவு என்பேன்.

அன்று எவ்வளவு வேண்டும் என்று சொன்னது நாங்கள். டப்பாவில் மிச்சம் இருப்பதை எட்டிப் பார்த்து, வீட்டில் எத்தனை பேர், கையில் எவ்வளவு காசு என்று பார்த்துத்தான் சீட்டில் எழுதுவார் அம்மா. சில நாள் எழுதவே மாட்டார், காசைக் கையில் திணித்து "இதுக்கு எவ்வளவு வருதோ வாங்கிட்டு வா" என்பார். தராசு முள் நேராக நிற்கிறதா என்று பார்த்து வரச் சொல்லியும் அனுப்புவார், ஏனென்றால் அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று அவர் நம்பவில்லை, நானும் இப்போது அப்படிச் சொல்ல வரவில்லை. தராசுத் தட்டில் கடைக்காரரின் விரல் ஒன்று சும்மா கிடக்கும். பெரியவர்கள் வந்துவிட்டால் சின்னப் பிள்ளைகளைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். கடன் நோட்டைப் பத்துப் பேர் நடுவில் பிரித்துப் படிப்பார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டுக் கேட்கக் கூச்சமான சாமான்கள் பெண்களுக்கு இருந்தன, அலமாரியில் இருந்து நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தது அந்த விஷயத்தில் எவ்வளவு பெரிய விடுதலை என்பது ஆண்களுக்குப் புரியாது.

ஆனால் அளவு நம் கையில் இருந்தது. இன்று பாக்கெட் சொல்வதுதான் அளவு. தனியாக இருக்கும் ஒருவருக்கும் எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கும் ஒரே பாக்கெட். கைபேசியில் கேட்டாலோ, இன்னும் இவ்வளவுக்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்று ஆசை காட்டுகிறது, தேவையில்லாத ஒன்றைச் சேர்த்து அந்தக் கணக்கை எத்தனை முறை நிரப்பியிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இதில் பார்கோடுக்கும் பங்கு உண்டு. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில்தான் அது முதன்முதலாகக் கல்லாவில் ஸ்கேன் ஆனது. அந்தக் கோடுகளுக்குள் விலை இருக்கிறது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். கம்பெனியிலேயே அச்சடித்து வரும் பாக்கெட்டில் இருப்பது வெறும் எண், விலை கடையின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒரே எண் வேண்டுமென்றால் ஒரே மாதிரிக் கட்டிய பாக்கெட் வேண்டும். ஆளுக்கு ஒரு அளவாக அள்ளி நிறுத்துப் பொட்டலம் கட்டுகிற சாமானுக்கு அந்த ஒரே எண்ணில் ஏது இடம்?

அப்புறம் என் சொந்தக் கதை. துணி துவைக்கும் பவுடர் டப்பா ஒன்றைக் காலியானதும் தூக்கிப் போடாமல் ஆணி, திருகாணி எல்லாம் போட்டு வைத்திருந்தேன். போன மாதம் அதே பவுடர் வாங்கி வந்து தற்செயலாக அதன் பக்கத்தில் வைத்தேன். முன்னால் இருந்து பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்று, அதே உயரம், அதே அகலம். பக்கவாட்டில் பார்த்தால் புதியது ஒல்லி. எடையைத் தேடினேன், அடியில் பொடி எழுத்தில் இருந்தது, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்க முடிந்தது. விலை மட்டும் ஒரு காசு குறையவில்லை. அன்று தட்டில் கிடந்த விரலையாவது கண்ணால் பார்க்க முடிந்தது, சண்டையும் போட முடிந்தது. இங்கே யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இன்னொன்றையும் தெரிந்துகொண்டபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. பாக்கெட்டில் அறிவித்திருக்கும் நிகர எடை மாறினால் அதற்குப் புது எண் கொடுக்க வேண்டும் என்பது, பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதி. ஆக, எடை மாறிய சேதி கடையின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விதியே இருக்கிறது, காசு கொடுக்கிற நமக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

சொல்ல முடியாது என்றில்லை. ஒரு கிலோ என்ன விலை, ஒரு லிட்டர் என்ன விலை என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என 1998லேயே ஐரோப்பிய ஒன்றியம் உத்தரவு போட்டது. பிரான்ஸில் 2024 ஜூலை 1 முதல், எடை குறைந்து அதற்கேற்ப விலை குறையாத பொருள் இருந்தால் பெரிய கடைகள் அதன் பக்கத்திலேயே இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். கிலோ விலையைப் பார்க்கத் தொடங்கினால் இன்னொரு வேடிக்கையும் தெரியும், பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பது பொய். நான் இப்போது கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அலமாரி முன்னால் நிற்கிறேன். பின்னால் வருகிறவர்கள் முறைக்கிறார்கள், முறைக்கட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விலைவாசி பற்றி எழுதும்போதெல்லாம் இந்தப் பொருள் இவ்வளவு ஏறியது, அது இவ்வளவு இறங்கியது என்று விலையை மட்டுமே போடுகிறீர்கள். பக்கத்தில் எடையையும் போடுங்கள், போன வருடம் எத்தனை கிராம், இந்த வருடம் எத்தனை கிராம் என்று. பழைய டப்பாக்களை எங்களைப் போன்றவர்கள் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம், கேட்டால் படம் எடுத்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
பல வருட வாசகி