சான்றிதழுக்கு முன் சம்பளக் கணக்கு

ஈசூன், சிங்கப்பூர்,
செவ்வாய் இரவு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகன் தேசிய சேவைக்குப் போய்விட்டான் என்று படித்ததும், பாலர் பள்ளி வாசலில் உன் துப்பட்டாவை விடாமல் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளைதான் கண்முன் வந்தான். இங்கே அம்மா நலம். மாலையில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்கார்ந்து பேச இரண்டு பாட்டிகள் கிடைத்திருக்கிறார்கள். அதனால் முகத்தில் தெளிவு வந்திருக்கிறது.

கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் முழுநேரமாக, என்னைப் போல நோயாளிகளின் பயிற்சியில் சிகிச்சையாளருக்குத் துணைநிற்கும் தெரபி உதவியாளர் ஆவதற்கான சான்றிதழ் படித்தால் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தாய். கட்டணத்தைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை. 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்குக் கட்டணக் கழிவு அதிகம். 2024 மே மாதம் நம் கணக்கில் போடப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசாங்கத்தின் திறன் வளர்ப்புத் திட்டம்) சிறப்புத்தொகையும் இருக்கிறது. அதற்குக் காலாவதி கிடையாது, ஆனால் குறிப்பிட்ட பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டும்தான் செல்லும். நீ பார்த்த படிப்பு அதில் இருந்தால் உன் கையிலிருந்து போவது சொற்பம்.

பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. உன் சம்பளம் மாதம் 2,400 வெள்ளி என்று எழுதியிருந்தாய். ஆறு மாதத்துக்கு 14,400. நம் வயதில் முதலாளி சம்பளத்துக்கு மேல் 17 விழுக்காடு மத்திய சேம நிதியில், அதாவது நம் கட்டாயச் சேமிப்பில், போடுகிறார். மாதம் 408, ஆறு மாதத்துக்கு 2,448. வேலையை விட்ட நாளிலிருந்து இரண்டும் நின்றுவிடும். ஆக 16,848 வெள்ளி. படிக்கும் காலத்துக்கு அரசாங்கம் தரும் பயிற்சிப் படித்தொகை கிடைத்தால் கடந்த 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி வரும். உனக்கு மாதம் 1,200, மொத்தம் 7,200. அதைக் கழித்தாலும் 9,648 வெள்ளி துண்டு விழுகிறது. படிப்பு முடிந்து இப்போது வாங்குவதைவிட 200 வெள்ளி கூடுதலாக ஒரு வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள். முதலாளியின் சேம நிதிப் பங்கோடு மாதம் 234. விட்டதைப் பிடிக்க 41 மாதங்களுக்கு மேல் ஆகும். தொடக்கச் சம்பளம் 2,400ஐத் தாண்டவில்லை என்றால் அந்தப் பணம் போனதுதான்.

நான் இந்தக் கணக்கைப் போடாமல் இதே படிப்பில் இறங்கினேன். ஏழு மாதம் சம்பளம் இல்லை. அம்மாவின் மருந்துக்காகக் கைச்சேமிப்பை உடைத்தேன். சான்றிதழோடு முதல் நாள் வேலைக்குப் போனபோது, என்னோடு அதே பணியில் சேர்ந்த பெண்ணிடம் சான்றிதழே இல்லை. பேரங்காடியில் காசாளராக இருந்தவர். வேலையில் எடுத்துவிட்டு, சம்பளம் கொடுத்தே வகுப்புக்கு அனுப்பினார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே சம்பளம். அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. இப்படி ஒரு வழி இருப்பதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. அதனால் உனக்குச் சொல்கிறேன்.

முதலில் வேலையைத் தேடு. வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூர் என்ற அரசாங்க வேலைவாய்ப்பு அமைப்பின் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டங்களில், ஆளை எடுத்துப் பயிற்சி தரும் முதலாளிக்கு அரசாங்கம் சம்பளத்தில் ஒரு பங்கு தருகிறது. 40 வயதுக்கு மேற்பட்டவரை எடுத்தால் 90 விழுக்காடு வரைகூடக் கிடைக்கும். நம் வயது அவர்களுக்குப் பாரம் என்று நினைத்துத் தயங்காதே. தாதிமை இல்லங்களிலும் சமூக மருத்துவமனைகளிலும் நேராகப் போய், பயிற்சியோடு ஆள் எடுக்கிறார்களா என்று கேள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். உதவியாளராகச் சேர்ந்தவர் ஆண்டுகள் போகப் போக இயன்முறை மருத்துவர் ஆகிவிட முடியாது. 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி இயன்முறை மருத்துவர்கள் தங்கள் தொழிலுக்கான மன்றத்தில் பதிவு பெற வேண்டும். அதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். நம் சான்றிதழ் அந்த ஏணியின் படி இல்லை. மூத்த உதவியாளராக உயரலாம், சம்பளமும் கொஞ்சம் கூடும். அதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று உன்னையே கேட்டுக்கொள்.

நான் ஏன் இன்னும் இங்கே இருக்கிறேன் என்று கேட்பாய். போன வாரம் பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவைப் படியேற்றினோம். அவர் இடுப்பில் நாங்கள் பிடித்துக்கொள்ளும் பட்டையைக் கட்டி, இரண்டு விரல் நுழையும் அளவு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, செயலிழந்த இடப் பக்கம் சற்றுப் பின்னால் நின்றேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். நான்கே மரப் படிகள். மூன்றாவது படியில் அவர் முழங்கால் நடுங்கியது. பட்டை வழியாக அந்த நடுக்கம் என் கைக்கு வந்தது. சிகிச்சையாளர் என்னைப் பார்த்தார், நான் பிடியை இறுக்கினேன். தாத்தா மூச்சை இழுத்துவிட்டு நான்காவது படியில் காலை வைத்தார். வீட்டு வாசலில் இரண்டு படி இருக்கிறதாம். அதற்காகத்தான் இத்தனை பாடு.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. முதுகு வலிக்கிறது, அதுவும் உண்மை. ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை நாளெல்லாம் செய்ய உன் இடுப்பு இடம் கொடுக்குமா என்று மருத்துவரிடம் காட்டிவிடு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நீ பட்ட அவதி எனக்கு நினைவிருக்கிறது.

ராஜினாமாக் கடிதத்தை இப்போது கொடுக்காதே. வரும் ஞாயிறு எனக்கு ஓய்வு. கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகளையும் அந்தப் படிப்பின் விவரத்தாளையும் எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வா. அம்மா உனக்காக இடியாப்பம் செய்வதாகச் சொல்லிவிட்டார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி