மே அமாவாசை: தென்வானக் கோள் நெபுலாக்கள்

நண்பர்களே, இந்த அமாவாசைக்கு ஜவ்வாது மலையில் கூடுவோம். பார்க்கப்போவது கோள் நெபுலாக்கள், அதாவது இறக்கும் நட்சத்திரங்கள் உதறிய வாயுக் கூடுகள். இருட்டியதும் முதலில் என்ஜிசி 3918. சென்டாரஸ் விண்மீன் கூட்டத்தில் 1834-இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டது. சின்ன நீல வட்டு, 6 அங்குலத் தொலைநோக்கிக்கே எட்டும்.

உண்மையான சவால் நள்ளிரவை ஒட்டித்தான். நார்மா விண்மீன் கூட்டத்தில் உள்ள ஷேப்லி 1 என்ற வளைய வடிவ நெபுலா மிக மங்கல், நமக்கு உச்சத்திலேயே அடிவானத்திலிருந்து சுமார் 26 பாகை உயரம்தான். தெற்கே மரமோ ஊர் வெளிச்சமோ இருந்தால் அவ்வளவுதான். 10 அங்குலமாவது வேண்டும். ஆக்சிஜன்-3 ஃபில்டர் (நெபுலாவின் ஆக்சிஜன் ஒளியை விட்டு மற்றதைத் தடுக்கும் வடிகட்டி) வைத்திருப்பவர்கள் கட்டாயம் கொண்டுவாருங்கள். ஃபில்டரைக் கண்ணருகே வைத்தும் எடுத்தும் பாருங்கள்: நட்சத்திரங்கள் மங்கும், நெபுலா நிற்கும். நேராக உற்றுப் பார்க்காமல் கடைக்கண்ணால் பாருங்கள். அந்த வளையம் மெல்ல எழும்பி வருவது அவ்வளவு அழகு!

செல்போன் வெளிச்சம் வேண்டாம், சிவப்பு டார்ச் மட்டும். வருபவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.