மீதியை அனுப்பாமல் வைத்துக்கொண்ட அம்மையாருக்கு

அன்புடையீர்,

அண்ணி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இன்றோடு ஒன்பது நாட்கள் ஆகின்றன. நடந்தது என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடியும் எழுத்தில் கொண்டுவரும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. இரத்தம் கொடுத்தவர்கள், காப்பீட்டுத் தாள்களோடு எனக்காக வரிசையில் நின்றவர்கள், 36 நாட்களும் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், என் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு படுக்கவைத்துக்கொண்டவர்கள் என ஒவ்வொருவர் வீட்டுக்கும் நான் நேரில் வருவேன். இந்த மடலில் ஒருவரைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் சனிக்கிழமை வாசிப்பில் இவ்வாண்டு முகலாய அந்தப்புரத்துப் பெண்களைப் படிக்கலாம் என்று சொன்னவள் நான். பாபரின் மகள் குல்பதன் பேகம் தன் அண்ணன் பேரரசர் ஹுமாயூனைப் பற்றி எழுதிய ஹுமாயூன் நாமாவைத் தொடங்கிய மறுவாரமே அண்ணியோடு நான் மருத்துவமனைக்குப் போய்விட்டேன். அந்தச் சனிக்கிழமை இரவு, அதுவரை என்னோடு நாலு வார்த்தைகூடப் பேசியிராத ஓர் அம்மையார், அன்று படித்ததையும் பேசியதையும் நான்கு பக்கக் கடிதமாகக் கைப்பட எழுதிச் சாப்பாட்டுத் தூக்கோடு அனுப்பியிருந்தார். அதற்குப் பின் ஒரு சனிக்கிழமையும் அவர் தவறவில்லை.

முதல் கடிதத்தில், 1541இல் சிந்துப் பகுதியில் ஹமீதா பானு ஹுமாயூனை மணக்க 40 நாட்கள் இணங்காமல் இருந்ததையும், பிற்பாடு இருவரும் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் பாரசீகத்துக்குத் தப்பிச் சென்ற வழியில் பனிக்குள் பாத்திரம் இல்லாமல் தலைக்கவசத்தில் குதிரை இறைச்சியை வேகவைத்ததையும் எழுதிவிட்டு, இவை நடந்தபோது குல்பதன் அங்கே இல்லை, பின்னாளில் அண்ணி ஹமீதா உட்கார்ந்து சொல்ல நாத்தனார் கேட்டுக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்திருந்தார். ஹமீதாவின் மகன் பேரரசர் அக்பர் கேட்டுக்கொண்டதன்பேரில் குல்பதன் எழுத உட்கார்ந்தபோது இருவருக்கும் வயது அறுபதை ஒட்டியிருந்தது. பல ஆண்டுகளாக இந்த நூலைக் கையில் வைத்திருக்கும் எனக்கு அந்த ஓரக்குறிப்பு புதிதாக இருந்தது. கட்டிலருகே உட்கார்ந்து அதை வாசித்தபோது, நான்கு நாட்களாக வாய் திறக்காதிருந்த என் அண்ணி, “அந்தக் கைக்குழந்தை என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

அதற்கு விடை அடுத்த சனிக்கிழமைதான் வந்தது. ஒரு வயதைச் சற்றே தாண்டியிருந்த அக்பரை 1543இல் பெற்றோர் விட்டுவிட்டு ஓட நேர்ந்ததையும், அவர்களைத் துரத்தி வந்த ஹுமாயூனின் தம்பி அஸ்கரியின் மனைவி சுல்தானம் பேகமே அக்குழந்தையைக் கந்தஹாரில் பரிவோடு வளர்த்ததையும், பிறகு காபூலில் கான்சாதா பேகம் அதன் கைகால்களை முத்தமிட்டு, இவை என் தம்பி பாபரின் கைகால்களேதான் என்று மகிழ்ந்ததையும் அம்மையார் எழுதியிருந்தார். பகைவன் வீட்டில் பிள்ளை நன்றாக இருக்கிறது என்ற ஒரு சேதியை அந்தத் தாய் எத்தனை நாள் ஏங்கிக் கேட்டிருப்பாள் என்று அண்ணி அன்று மாலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் கடிதத்தில் தாயும் பிள்ளையும் ஒன்றுசேர்ந்தார்கள். சனிக்கிழமை எப்போது வரும் என்று அண்ணி விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருந்தார்.

ஐந்தாம் கடிதம் வந்த வாரம் எப்படிப்பட்ட வாரம் என்பது உங்களுக்குத் தெரியும். 1575இல் குல்பதன் தலைமையில் ஃபதேபூர் சிக்ரியிலிருந்து மக்காவுக்குப் புறப்பட்ட பெண்களுள் அதே சுல்தானம் பேகமும் இருந்ததையும், திரும்பும் வழியில் ஏடன் அருகே கப்பல் உடைந்ததையும், 1582இல் அவர்கள் நல்லபடியாக வந்து சேர்ந்ததையும் எழுதி, மீதியை அண்ணி வீட்டுக்கு வந்ததும் சேர்ந்து படிப்போம் என்று அம்மையார் முடித்திருந்தார். மீதி என்ன என்பது எனக்குத் தெரியும். 1603இல், எண்பதாவது வயதில், குல்பதன் மரணப்படுக்கையில் கிடந்தபோது ஹமீதா அருகில் அமர்ந்து, வழக்கம்போல் அக்கா என்னும் பொருளில் ‘ஜியூ’ என்று அழைத்தார், பதில் இல்லை. பெயர் சொல்லி அழைத்ததும் குல்பதன் கண் திறந்து, நான் போகிறேன், நீ வாழ்க என்ற கருத்துள்ள ஒரு வரியைச் சொல்லிக் கண்மூடினார். நீங்கள் எல்லோரும் அந்தச் சனிக்கிழமை அதைத்தான் படித்திருக்கிறீர்கள். அம்மையார் அதையும் ஒரு தனிப் பக்கத்தில் எழுதி, தூக்கில் வைக்காமல் தம்மிடமே வைத்துக்கொண்டார் என்று சென்ற வாரம்தான் பிறர் சொல்லக் கேட்டேன். அம்மா, அந்த இரவில் அந்தப் பக்கம் என் கைக்கு வந்திருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன்.

ஆக்ராவில் நடந்த ஒரு விருந்தில் எந்தப் பெண் எங்கே அமர்ந்திருந்தாள், யார் யாருக்கு என்ன உறவு என்று குல்பதன் பெயர் பெயராக எழுதிக்கொண்டே போகும் பகுதியை, வகுப்பில் பாடம் சொல்லும்போது இத்தனை ஆண்டுகளும் நான் தாண்டிச் சென்றிருக்கிறேன். இனித் தாண்ட மாட்டேன். அண்ணிக்கு நான் வாசித்துக் காட்டியதெல்லாம் அத்தகைய உறவுச் சேதிகள்தாம். அவற்றைக் கேட்கத்தான் அவர் கண்விழித்திருந்தார்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வாசிப்பு எங்கள் வீட்டில் நடக்கும். மக்காவிலிருந்து வந்த பிறகு அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று அண்ணி தினமும் கேட்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மறக்காமல் எடுத்து வாருங்கள், அம்மா. அதைத் தாமே வாசிக்க வேண்டும் என்கிறார் அண்ணி.

நன்றியுடன்,
உங்கள் சனிக்கிழமைத் தோழி