குழுக் கடனில் அடமானமாக இருப்பது மானம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘கடன் தொல்லையால் பெண் தற்கொலை’ என்று செய்தி வரும்போது எவ்வளவு கடன், எங்கே வாங்கினார் என்பதோடு முடிந்துவிடுகிறது. தொகையைப் பார்க்கிறவர்களுக்கு ‘இதுக்குப் போயா?’ என்று தோன்றும். அந்தக் கேள்விக்கு விடை தொகையில் இல்லை, வசூல் நடக்கிற விதத்தில் இருக்கிறது.

தனியார் நுண்கடன் நிறுவனங்கள் தரும் குழு லோனுக்கு நகையோ பத்திரமோ ஈடு கிடையாது, கேட்கவும் கூடாது. அந்த இடத்தில் அக்கம்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. காலையில் சென்டர் மீட்டிங், அதாவது குழுவில் இருப்பவர்கள் தவணை கட்டக் கூடுகிற கூட்டம். ஒருத்தர் தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. ஒருவருக்குப் பால் கறக்க நேரமாகிறது, இன்னொருவருக்கு நூறு நாள் வேலைக்குப் போக வேண்டும். கடைசியில் அவர்களே ஆளுக்கு நூறு, இருநூறு போட்டுக் கட்டிவிட்டு, போகிற வழியில் அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். நிறுவனம் ஒரு வார்த்தை தவறாகப் பேசியிருக்காது. பேச வேண்டியதைத் தெரு பேசிவிடும். (வசூலுக்கு வருகிற பையனையும் சும்மா சொல்லக் கூடாது. அவனுக்குக் கிளையில் தினமும் இதே மண்டகப்படிதான். கைக்காசைப் போட்டுக் கணக்கை நேர் செய்கிற ஊழியர்களும் உண்டு.)

இதில் இரண்டு உணர்வுகள் கலந்து கிடக்கின்றன. ‘வாங்கினதைக் கட்டலையே’ என்ற குற்றவுணர்வு ஆளைக் கணக்குப் பார்க்க வைக்கும், போய்ப் பேச வைக்கும். அவமானம் அப்படியில்லை, ஒளியச் சொல்லும். கடன் அட்டை அரிசி டிரம்முக்குள் போகும். போன் சைலன்டில் கிடக்கும். மொய் எழுதக் காசில்லை என்று சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போவது நிற்கும். நாளைக்குக் கைமாற்று கேட்கக்கூடிய நாலு பேரும் அதோடு விலகிப் போவார்கள்.

ஒளிவதற்கு என்ன விலை என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். வாரத் தவணை 700 ரூபாய், நாலு வாரம் கட்டவில்லை, பாக்கி 2,800. ரிசர்வ் வங்கி விதிப்படி தாமதக் கட்டணத்தைத் தவறிய தொகைக்கு மட்டும்தான் போடலாம், மொத்தக் கடனுக்கும் அல்ல. ஆண்டுக்கு 24 சதவீதம் என்றே வைத்தாலும் 2,800 ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கு 56 ரூபாய். ஆனால் மீட்டிங்கில் தலைகுனிந்து நிற்க முடியாமல் அவர் தண்டலுக்கு, அதாவது தினமும் வசூலிக்கிற கடனுக்குப் போகிறார். எழுதுவது 10,000, பிடித்தம் போகக் கையில் 8,500, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் இது சுமார் 120 சதவீதம். 56 ரூபாயோடு போயிருக்க வேண்டியது 1,500 ஆகிறது. அதைவிட மோசம், வாரத்துக்கு 700 கட்டத் திணறியவர் இனி 1,400 கட்ட வேண்டும். பாக்கியைக் கட்டியது போக மிஞ்சிய 5,700 நாலே வாரத்தில் தீர்ந்துவிடும். தண்டல் இன்னும் பத்து வாரம் ஓடும். அதை மறைக்க மூன்றாவது கடன்.

விதிகள் இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நுண்கடன் நெறிமுறைகளைக் கடன் வாங்கிய ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. ஓயாமல் கூப்பிடக் கூடாது. சொந்தக்காரர், நண்பர், கூட வேலை செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. கடன் வாங்கியவர் பெயரை வெளியே போடக் கூடாது. இருதரப்பும் பேசி முடிவு செய்த பொதுவான இடத்தில்தான் வசூல். அங்கே தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராதவர் வீட்டுக்குத்தான் ஊழியர் போகலாம். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. நாலு கம்பெனியில் நாலு குழு லோன் ஓடுகிற வீட்டில் அந்தப் பாதியை யார் கணக்குப் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழக அரசும் 2025-இல் தனிச்சட்டம் கொண்டுவந்தது. கந்துவட்டிக்கு 2003 முதலே தடைச் சட்டம் உண்டு. ஆனாலும் விதி மீறப்பட்டதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் கடன் இருப்பதைச் சொல்ல வேண்டும். அங்கேதான் வாய் அடைபடுகிறது.

சிக்கியவர்கள் செய்ய வேண்டியது, முதலில் ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதுவது. யாரிடம், கைக்கு வந்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, பாக்கி, அடுத்த தவணை என்றைக்கு. ‘எழுதிக் கொடுத்த தொகை’யை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகும், கைக்கு வந்தது வேண்டும். முதல் பட்டியலில் எப்போதும் ஒன்று விடுபடும். எது சொல்ல வெட்கமோ அதுதான்: நாத்தனாரிடம் வாங்கியது, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வைத்த தாலிச் சரடு. அது விடுபட்டால் போட்ட திட்டம் மூன்றாவது வாரமே உடையும். ஆகவே மறுநாள் இன்னொரு முறை உட்கார்ந்து எழுதுங்கள்.

பிறகு அந்தத் தாளோடு வீட்டில் ஒருவரிடம் சொல்ல வேண்டும். வசூல்காரர் வந்துபோன சூட்டிலோ, வீட்டுக்காரர் குடித்திருக்கும்போதோ வேண்டாம். அடி விழும் என்ற பயம் இருந்தால் அம்மா வீட்டிலோ அக்காவிடமோ முதலில் சொல்வதுதான் சரி. பேச்சைக் காரணங்களோடு தொடங்காமல் மொத்தத் தொகையை முதலில் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னால் கேட்பவர், ‘இன்னும் எவ்வளவு மறைச்சு வச்சிருக்க?’ என்பதிலேயே நின்றுவிடுவார்.

நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள்: வாரம் இவ்வளவுதான் முடியும், தவணைக் காலத்தை நீட்டித் தாருங்கள் என்று. நகலில் முத்திரையோ கையெழுத்தோ வாங்காமல் வரக் கூடாது. தவணை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும், அதற்குமுன் போவது நல்லது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் குறையத்தான் செய்யும், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மிரட்டல், வசூல் முறை பற்றிய புகாரை நிறுவனத்திடம் தந்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தொலைபேசி 14448, கட்டணம் கிடையாது. யார் கேட்டாலும் வெற்றுப் பத்திரம், தொகை எழுதாத காசோலை, ஏடிஎம் கார்டு தரவே கூடாது.

கடன் செயலிகளின் வழி வேறு. தெருவுக்குப் பதில் அங்கே போனில் உள்ள எண்கள். படத்தை ஆபாசமாக மாற்றி எல்லோருக்கும் அனுப்புவோம் என்பார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி கடன் செயலி தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கவே கூடாது. எடுக்கிறது என்றால் அது விதிக்குக் கட்டுப்படாத கும்பல். பணம் கட்டினால் நின்றுவிடும் என்று நம்பிக் கட்டுகிறார்கள். நிற்காது, எண்கள் அவர்களிடமே இருக்கின்றன, கட்டியவர் இன்னும் கட்டுவார் என்றும் தெரிந்துவிட்டது. செயலியை அழிக்கும் முன் மிரட்டல், யுபிஐ ஐடி, பணம் போன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அவர்களை முந்திக்கொண்டு நீங்களே எல்லோருக்கும் அனுப்புங்கள்: ‘என் போனிலிருந்து எண்களைத் திருடிவிட்டார்கள். என் பெயரில் படம் வந்தால் போலி. யாருக்கும் அனுப்பாமல் எனக்கு ஸ்கிரீன்ஷாட் தாருங்கள்.’ மிரட்ட அவர்களிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அடுத்து, இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணைக் கூப்பிடுங்கள்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்திகளின் கீழே மனநல உதவிக்கான 14416, 104 எண்களைப் போடுகிறீர்கள், நல்லது. பக்கத்திலேயே 14448, 1930 எண்களும், வசூலுக்குக் கூப்பிடக்கூடிய நேரம் 9 முதல் 6 வரைதான் என்ற ஒரு வரியும் வரட்டும். எத்தனை மணிக்கு, எத்தனை பேர், யார் முன்னால் கேட்டார்கள் என்பதை நிருபர்கள் விசாரித்து எழுதினால் காவல் நிலையத்திலும் அதையே கேட்க வேண்டிவரும்.

இப்படிக்கு,
மகளிர் குழுக்களுக்குக் கடன் ஆலோசனை வழங்குவோர்,
கடலூர் மாவட்டம்.