எடிசன் போதும், கொஞ்சம் கார்ல் ஏமனையும் எழுதுங்கள்

தமிழில் அறிவியலும் பொறியியல் வரலாறும் எழுதுகிற, வீடியோ போடுகிற நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலரை வருடக்கணக்காகப் படித்து வருகிறேன், அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எடிசனும் டெஸ்லாவும் முட்டிக்கொண்ட கதை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. யானைக்கு ஷாக் கொடுத்தது, புறா வளர்த்தது, கடைசியில் ஓட்டல் அறையில் தனியாகச் செத்தது, எல்லாம். மாதத்துக்கு ஒருவராவது அதை மறுபடி எழுதுகிறீர்கள், நானும் மறுபடி படிக்கிறேன், சரி. ஆனால் அந்தக் கரண்ட் குக்கிராமத்துக் கம்பம் வரைக்கும் எப்படி வந்தது, தண்ணீர் மேட்டுத் தெருக் குழாய்க்கு எப்படி ஏறியது, அதற்கு யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் கடன் வாங்கினார்கள், எந்த ஊரை எந்த ஊரோடு சேர்ப்பது என்று யார் கோடு கிழித்தார்கள் என்று தேடினால் உங்கள் பக்கங்களில் ஒரு வரி கிடைப்பதில்லை.

என் அப்பா ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டராக இருந்தவர். விடிகாலை நாலரைக்கு மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பியதும் வால்வைத் திருப்பித் தெருத்தெருவாகத் தண்ணீர் விடுகிற வேலை. அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒரு ஆளை அறிமுகப்படுத்துகிறேன். கார்ல் ஏமன். (எமன் இல்லை, ஏமன். பெயருக்குப் பயந்துதான் தமிழில் யாரும் தொடவில்லையோ என்னவோ.) 1827-ல் பிறந்து 1889-ல் இறந்த ஜெர்மன் அரசுப் பொறியாளர். வூர்ட்டம்பெர்க் என்று அப்போது தனி ராஜ்ஜியமாக இருந்த பகுதியில், ஊர்களுக்குக் குடிநீர் கொண்டுவருவதற்கென்றே அரசு நியமித்த தொழில்நுட்ப அதிகாரி. மாதச் சம்பளக்காரர். காப்புரிமை வழக்கு இல்லை, போட்டியாளரோடு சண்டை இல்லை, வீடியோவுக்குத் தலைப்பு வைக்கத் தோதான எதுவுமே இல்லை.

அவர் கையில் எடுத்தது ஸ்வாபிய ஆல்ப் என்கிற மேட்டுநிலம். கடல்மட்டத்திலிருந்து 700, 800 மீட்டர் உயரம். மழைக்கும் குறைவில்லை, பனிக்கும் குறைவில்லை. ஆனால் அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, வெடிப்பும் குகையுமாக. பெய்கிற மழை மேலே நிற்காது, சல்லடையில் ஊற்றிய மாதிரி உள்ளே இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாகக் கிளம்பும். ப்ளாவ்பாய்ரன் என்ற ஊரில் நீலமாக ஒரு ஊற்றுக்குளம் இருக்கிறது, ப்ளாவ்டோப்ஃப் என்று பெயர், சுற்றுலா போகிறவர்கள் எல்லாரும் படம் பிடிப்பார்கள். அது இப்படி மேலேயிருந்து இறங்கிய தண்ணீர்தான். ஆக, மேலே இருப்பவனுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, கீழே பொங்கி ஓடுகிறது, நடுவில் ஏறக்குறைய 200 மீட்டர் சரிவு.

மேலே இருந்த ஊர்க்காரர்கள் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்தார்கள். பல வீடுகளுக்கு வைக்கோல் கூரை, தண்ணீர் பழுப்பாக வரும். ஊர் நடுவில் களிமண் பூசிய குட்டை ஒன்று இருக்கும், ஆடு மாடெல்லாம் அதில்தான் குடிக்கும். அதுவும் வற்றினால் வண்டியில் பீப்பாயை ஏற்றி, மாட்டைப் பூட்டி, பள்ளத்தாக்குக்கு இறங்கி, நிரப்பிக்கொண்டு திரும்ப மேடு ஏற வேண்டும். ஒரு பீப்பாய்த் தண்ணீருக்காக வயல் வேலை அன்றைக்கு அவ்வளவுதான். மாடே இல்லாதவன் பாட்டை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வீடு தீப்பிடித்தால் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ஏமன் போட்ட திட்டத்தைச் சொல்கிறேன், இதற்கு ஒரு படம் போட்டாலே உங்களுக்கு அரைப் பக்கம் வந்துவிடும். பள்ளத்தாக்கில் ஆறு ஓடுகிறது. அந்த ஓட்டத்தை வைத்தே ஒரு நீர்ச்சக்கரத்தைச் சுற்ற விட்டு, சக்கரத்தைக் கொண்டு பம்பை இயக்கி, குடிக்கத் தகுந்த தண்ணீரை இரும்புக் குழாயில் மேட்டுக்குத் தள்ளி, அங்கே உயரமான இடத்தில் தொட்டி கட்டித் தேக்கி, தொட்டியிலிருந்து இறக்கத்திலேயே ஊர்களுக்கு விடுவது. நிலக்கரி வேண்டாம், நீராவி இயந்திரம் வேண்டாம். ஆறு தன் ஓட்டத்தாலேயே தண்ணீரை மலைமேல் தூக்கிக் கொடுக்கிறது. 200 மீட்டர் ஏற்றம் என்றால் குழாயின் அடிமட்டத்தில் கிட்டத்தட்ட 20 பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு. 1870-ல் அதைத் தாங்குகிற குழாயும் இணைப்பும் வேண்டும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “ஜாயின்ட் எப்படிப்பா நின்னுச்சு?”

பம்பு, சக்கரம், குழாய் எதுவும் ஏமன் கண்டுபிடித்ததில்லை, எல்லாம் ஏற்கெனவே இருந்தவை. ஒரு ஊர் தனியாக இவ்வளவு செலவை ஒருநாளும் தாங்காது என்பதுதான் அவர் முன்னால் இருந்த கணக்கு. அதனால் மேட்டுநிலம் முழுவதையும் வரைபடத்தில் வைத்து, எந்த ஊற்று எந்த ஊருக்குப் பக்கம், எந்த மேட்டில் தொட்டி வைத்தால் எத்தனை ஊருக்கு இறங்கும் என்று பார்த்து, ஊர்களைக் குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு ஒரு நீரேற்று நிலையம். செலவில் ஒரு பங்கு அரசு கொடுக்கும், மீதி ஊர்கள் சேர்ந்து கடன் வாங்கிக் கட்ட வேண்டும். தண்ணீர் வந்த பிறகு குழாயும் பம்பும் ஊர்களுக்கே சொந்தம். நமக்கு இது புதிய வார்த்தை இல்லை, கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று குடிநீர் வடிகால் வாரியத்தின் பலகையில் தினம் பார்க்கிறோம். அந்த வாரியம் வந்த வருடம் 1971, ஏமனின் முதல் கூட்டில் தண்ணீர் வந்தது 1871. தற்செயல்தான், இருந்தாலும் உங்களுக்குக் கட்டுரை ஆரம்பிக்க ஒரு வரி ஆயிற்று.

முதல் கூட்டில் மூன்று ஊர்கள்: யுஸ்டிங்கன், இங்ஸ்டெட்டன், ஹவுசன். நீரேற்று நிலையம் கீழே டொய்ரிங்ஸ்ஹோஃபனில், ஷ்மீக் ஆற்றின் கரையில். பக்கத்திலேயே பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம், அதற்கு நடுவில்தான் குழாய் பதித்திருக்கிறார்கள். யுஸ்டிங்கன்காரர்கள் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடன் யார் தலையில் விழும், தண்ணீர் உண்மையிலேயே மேலே ஏறுமா, ஏறினாலும் பனிக்காலத்தில் உறைந்து போகாதா என்ற சந்தேகம் கிராமத்துக்குக் கிராமம். இதில் என்னால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து, இதுவரை எங்கும் நடக்காத ஒன்றுக்கு உன் ஊர் கடன்பட வேண்டும் என்றால் நானும் எதிர்த்திருப்பேன்.

அந்த எதிர்ப்பை உள்ளூரில் நின்று சமாளித்தவர் யுஸ்டிங்கன் ஊர்த்தலைவர் ஆன்டன் ஃபிஷர். நீங்கள் எழுதினால் தயவுசெய்து இவரை விட்டுவிடாதீர்கள். திட்டம் போடுகிறவன் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவான், ஊர்த்தலைவன் மறுநாள் காலையிலும் அதே தெருவில் நடக்க வேண்டும். 1871 பிப்ரவரியில் யுஸ்டிங்கனில் தண்ணீர் வந்தது. அப்புறம் என்ன, மறுத்த ஊர்கள் எல்லாம் எங்களுக்கு எப்போது என்று கேட்க ஆரம்பித்தன. பத்துப் பதினோரு வருடத்துக்குள் அந்த மேட்டுநிலத்தில் ஏறக்குறைய நூறு ஊர்களுக்குக் குழாய்த் தண்ணீர். டொய்ரிங்ஸ்ஹோஃபனின் பழைய பம்ப் ஹவுஸ் இன்றைக்கு அருங்காட்சியகம்.

சரி, கரண்ட் வேண்டும் என்பீர்கள். அதற்கு ஒஸ்கர் ஃபான் மில்லரை எடுங்கள், 1855-ல் மியூனிக்கில் பிறந்தவர். இவரும் ஆரம்பத்தில் பவேரிய அரசின் கட்டுமானத் துறையில் இருந்தவர்தான், பிறகு வெளியே வந்தார். 1882-ல் மியூனிக் கண்காட்சிக்கு 57 கிலோமீட்டர் தள்ளியிருந்த மீஸ்பாக்கிலிருந்து கம்பியில் மின்சாரம் கொண்டுவந்து ஒரு செயற்கை அருவியை ஓட விட்டார்கள். வழியிலேயே பெரும்பகுதி இழப்பு. 1891-ல் நெக்கார் ஆற்றங்கரை லவுஃபனிலிருந்து ஃப்ராங்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர், மூன்று கட்ட மாறுமின்னோட்டம், இந்த முறை முக்கால் பங்கு போய்ச் சேர்ந்தது. எடிசனின் நேர்மின்னோட்டமா, டெஸ்லாவின் மாறுமின்னோட்டமா என்று நீங்கள் மின்னோட்டப் போர் எழுதுகிறீர்களே, அதில் ஐரோப்பாவுக்கு விடை சொன்ன சோதனை இதுதான். அந்தக் கம்பி ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்சிப் பகுதிகளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது, ஆயிரக்கணக்கான கம்பங்கள், தபால் துறை ஆட்கள் வேலை செய்தார்கள். எத்தனை ஃபைல் நகர்ந்திருக்கும், அதையும் ஒரு பத்தி எழுதுங்களேன்.

பின்னாளில் பவேரிய அரசுக்காக வால்ஹன்சே நீர்மின் திட்டத்தை முன்னின்று நடத்தியவரும் மில்லர்தான். ஒரு ஏரியிலிருந்து கீழே இருக்கிற இன்னொரு ஏரிக்குத் தண்ணீரை விழ விட்டு மின்சாரம், 1924-ல் ஓடத் தொடங்கியது. விழுகிற உயரம் எவ்வளவு தெரியுமா? அதுவும் சுமார் 200 மீட்டர். ஏமன் அந்த உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கினார், மில்லர் அந்த உயரத்திலிருந்து விழ வைத்தார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது, வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஏமனின் சேர்ந்து கட்டுகிற முறை அங்கே தண்ணீரோடு நிற்கவில்லை. 1909-ல் அந்த மேட்டுநிலத்துக்குத் தெற்கே இருக்கிற மேல் ஸ்வாபியாவில் மாவட்டங்கள் கூட்டுச் சேர்ந்து சொந்தமாக மின்சார அமைப்பு ஒன்றை உண்டாக்கின. இன்றைக்கு ஈ.என்.பி.டபிள்யூ என்கிற பெரிய மின் நிறுவனத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதப் பங்கு அந்தக் கூட்டமைப்பின் கையில், அதாவது ஒன்பது மாவட்டங்களின் கையில். தண்ணீர்ப் பக்கம் 1954-ல் ஊர்கள் சேர்ந்து, ஜெர்மனியின் தெற்கு எல்லையில் இருக்கிற போடன்சே ஏரி நீருக்கு ஒரு சங்கம் தொடங்கின. ஏரியிலிருந்து 300 மீட்டருக்கு மேல் தூக்கி, சுமார் 40 லட்சம் பேருக்குக் கொடுக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. டெஸ்லாவை நிறுத்த வேண்டாம், கூட்டம் வரும், புரிகிறது. பத்துக்கு ஒன்று இப்படி எழுதுங்கள். எழுதும்போது பம்பின் படத்தோடு, ஊர்கள் எப்படிப் பிரிக்கப்பட்டன, கடன் எப்படிப் பங்கிடப்பட்டது, யார் எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள் என்பதும் வரட்டும். “தொலைநோக்குள்ள மாமேதை” என்று மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள், அவர் அரசு ஊழியர், வேலையைப் பார்த்தார்.

படம் வரைய ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள். நான் வரைந்து அப்பாவிடம் காட்டி, வால்வு எங்கே வர வேண்டும் என்று சரிபார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாசகன்