நெடுந்தீவு போய்வந்த கையோடு

அன்பின் வண்டு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். மூன்று மாதமாக உன் குரல்பதிவு ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அக்காவின் கண் ஒபரேசன், அதற்குப் பிறகு சோதனைப் பேப்பர் திருத்தல். நீ திட்டுவதை நேரில் வந்து திட்டு, கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. நீ ஆவணியில் பிள்ளைகளோடு ஊருக்கு வருவதற்கு முன்னம், போன சனிக்கிழமை நெடுந்தீவுக்குப் போய் உன் அம்மாவின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கூரை போய்விட்டது, வண்டு. அதை முதலே சொல்லிவிடுகிறேன், நீ அங்கே வந்து நின்று அதிரக் கூடாது. சுவர்கள் நிற்கின்றன. கிணறு இருக்கிறது, தண்ணீர் உவர். ஆனால் கல்வேலி அப்படியே இருக்கிறது. சீமெந்தும் இல்லை, மண்ணும் இல்லை, கல்லுக்கு மேல் கல். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பூப்பூவாக ஓட்டைகள், கடலுக்குள் உயிரோடு இருந்த காலத்துக் கோலம். கை வைத்தால் கீறும். படலைக்குப் பக்கத்தில் ஒரு பாகம் சரிந்திருந்ததைப் பக்கத்து வளவு ஆச்சி தானே திரும்ப அடுக்கியிருக்கிறா. “ஒரு கல்லை உருவினால் மற்றதுகள் இருக்காது பிள்ளை” என்றா. பார்க்க வருகிற ஆட்கள் நினைவுக்கென்று ஒன்றிரண்டு கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு போகிறார்களாம். உன் பிள்ளைகளுக்கு இதை ஏறுமுன்னமே சொல்லிவை. அம்மம்மாவின் வேலிதான், ஆனாலும் எடுக்கக் கூடாது.

இனி நீ அனுப்பிய பயண அட்டவணைக்கு வருகிறேன். காலை நயினாதீவு, மத்தியானம் நெடுந்தீவு, பின்னேரம் கசூரினா கடற்கரை, இரவு நல்லூர்த் திருவிழா. எப்படியடி? ஊசி ரீச்சரின் பூமிசாத்திர வகுப்பில் எனக்குப் பக்கத்தில்தானே இருந்தாய்! யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று, படகு ஏறுகிற குறிகாட்டுவானுக்குப் போய்ச் சேரவே பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அங்கிருந்து நயினாதீவு கால் மணித்தியாலம், நெடுந்தீவு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கசூரினா இருப்பது காரைநகரில், அது வேறு பக்கம். நயினாதீவுக்கு ஒரு நாள், நெடுந்தீவுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஒதுக்கு. கசூரினாவை வெட்டினாலும் பரவாயில்லை.

இரவு தங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போன சனி காலைப் படகில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெட்டியில் எனக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டம், எல்லோரும் ஒரே மாதிரித் தொப்பி. படகு வந்ததும் முட்டி மோதி ஏறி, காற்று வருகிற பக்கத்து இடங்களெல்லாம் பிடித்துக்கொண்டார்கள். கடைசியாக ஓர் அம்மா ஏறினா. காலில் பெரிய கட்டு, கையில் ஆஸ்பத்திரிக் கொப்பி, மருந்துப் பை. முதல் நாள் கிளினிக்குக்கு வந்து, உறவுக்காரர் வீட்டில் படுத்துவிட்டுத் திரும்பிப் போகிறா. ஒருவரும் அசையவில்லை. நான் எழும்பி இடம் கொடுத்தேன், அவ இருக்கவும் கூச்சப்பட்டா. “அவை சுத்திப்பாக்க வந்த பிள்ளையள், பாவம்” என்கிறா. எனக்கு நெஞ்சு எரிந்தது. பகல் முழுக்க அதே நினைவு.

எங்களுக்கு அது உல்லாசப் பயணம், அவர்களுக்கு அதுதான் ரோட்டு. ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி அலுவல், செத்தவீடு எல்லாம் அந்தப் படகில்தான். காலையில் போய் அன்றே திரும்ப வேண்டும் என்று வருகிறவர்கள்தான் நெரிசலான படகுகளில் அடிபட்டு ஏறுகிறார்கள். நீ இரவு தங்கினால் ஆறுதலாக, கூட்டம் குறைந்த படகில் வரலாம். சனி ஞாயிறும் வேண்டாம், கிழமை நாளில் போ. ஊர்ச்சனம் ஏறியபிறகு நீங்கள் ஏறுங்கள். நேரம் அடிக்கடி மாறும், முதல் நாளே கேட்டு வைக்கிறேன். நீ வருகிற ஆவணியில் சோழகம் வீசும், படகு நன்றாக ஆடும். பிள்ளைகளுக்கு வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டவும் வேண்டாம், இரண்டு இடியப்பம் போதும். உயிர்காப்பு அங்கி தந்தால் மடியில் வைத்திருக்காமல் போடச் சொல்லு.

இன்னொன்று. மாவிலித்துறையில் இறங்கியதும் பிள்ளைகள் கமராவைத் தூக்குவார்கள். அங்கே குமுதினிப் படகில் செத்தவர்களுக்கு நினைவுத்தூபி இருக்கிறது. 1985 மே 15. நாங்கள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, உன் அம்மா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை, நினைவிருக்கிறதா? படகில் போன சனம், கைக்குழந்தை உட்பட, வெட்டிக் கொல்லப்பட்ட நாள். அதே படகைத் திருத்தி, எத்தனையோ வருடம் அதே கடலில் அதே சனத்தை ஏற்றி இறக்கினார்கள். நீ உன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறாயோ தெரியாது. படகில் வைத்துச் சொல்லாதே, ஊரில் வைத்தும் உரத்துச் சொல்லாதே. பக்கத்தில் நிற்பவரின் தாயோ தமையனோ அதில் போயிருக்கலாம். வீட்டிலேயே இருத்தி ஆறுதலாகச் சொல்லிவிட்டுக் கூட்டிவா. தூபியில் ஒரு பூவை வைத்துவிட்டு நடவுங்கள்.

சரி, உன் மருமகனுக்கு வருவோம். டச்சுக்காரர் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், ஊர்காவற்றுறைத் தீவுக்கு லைடன் என்றும், காரைநகருக்கு அம்ஸ்ரடாம் என்றும் பெயர் வைத்ததைச் சொன்னாயா? ஒல்லாந்தின் டெல்ஃப்டில் பிறந்த பெடியன் எங்கள் டெல்ஃப்டுக்கு வருகிறான் என்று ஆச்சிக்குச் சொன்னேன். “அப்ப எங்கட ஊர்ப் பெடியன்தான்” என்று சிரித்தா. கோட்டை இடிந்து கிடக்கிறது, புறாக்கூடு நிற்கிறது, மட்டக்குதிரைகள் வெளியில் கூட்டமாக மேய்கின்றன. குதிரைக்குக் கிட்டப் போய் பிஸ்கட் நீட்ட வேண்டாம். வரட்சியில் அதுகள் தண்ணீருக்கே தவிக்கிறதுகள், துரத்திப் படம் எடுத்து ஓட வைக்கிறது பாவம். பெருக்கமரத்தின் பொந்துக்குள் நீங்கள் எல்லோரும் நின்று படம் எடுக்கலாம், அதற்குத் தடையில்லை. சுற்றிப்பார்க்க ஓட்டோ பிடித்துத் தருவேன். குடிதண்ணீரைக் கொண்டுபோய், வெறும் போத்தலைத் திரும்பக் கொண்டுவா.

ஆனால் மருமகனைப் பற்றி எனக்கு உண்மையாகவே ஒரு கவலை. கலியாணப் படத்தில் அவருடைய தோளில் பச்சை குத்தியிருப்பது புத்தர்தானே? விளையாட்டாக எடுக்காதே. 2014 இல் கையில் புத்தர் பச்சை இருந்ததற்காக ஒரு பிரித்தானியப் பெண்ணைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். எயார்போட்டில் இறங்கும்போதே கைமுட்டி மூடுகிற சேட்டாகப் போடட்டும். கடற்கரையிலும் கழற்றக் கூடாது. நயினாதீவில் அம்மன் கோவிலும் நாகவிகாரையும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. விகாரையில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும், சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கக் கூடாது. அம்மன் கோவிலிலும் நல்லூரிலும் சிக்கல் வேறு, ஆம்பிளைகள் சேட்டைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அவர் உள்ளே போகாமல் வீதியில் நிற்கட்டும். நல்லூரில் திருவிழா 25 நாளும் சுவாமி வெளிவீதிக்கு வரும், அங்கே மணலில் நின்று கும்பிடுகிறவர்களில் அவரும் ஒருவராக நிற்கலாம். நான் கூட நிற்பேன். தனியே விட்டதாக அவருக்குத் தோன்றக் கூடாது.

உன் மகளுக்கு உடுப்பு வாங்கிச் செலவழிக்காதே, என்னிடம் மூன்று சுடிதார் சும்மா கிடக்கிறது. கீரிமலையில் பெண்களுக்குத் தனிக் கேணி, அங்கே குளிக்கலாம். சாட்டியிலோ கசூரினாவிலோ இறங்கினால் ரீசேட்டும் நீளக் காற்சட்டையுமாக இறங்கட்டும். ஒருவரும் ஏசமாட்டார்கள், ஆனால் சுற்றி நின்று பார்ப்பார்கள், பிள்ளைக்கு அதுதான் கஷ்டம். ஆமி முகாம்களுக்குப் பக்கத்தில் படம் வேண்டாம். ட்ரோன் கொண்டுவருவதாகச் சின்னவன் சொன்னானே, அனுமதி எடுக்காமல் பறக்கவிட முடியாது, வீட்டில் வைத்துவிட்டு வரச்சொல்லு.

ஆச்சி வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதே, சொக்லேற் பெட்டியும் வேண்டாம். அவவுக்குச் சீனி வருத்தம். முழங்காலுக்குப் பூசுகிற தைலமும், நல்ல வெளிச்சமான ரோர்ச் ஒன்றும் கொண்டுவா. தேத்தண்ணி தருவா, வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லக் கூடாது, நல்ல தண்ணீர் அவவுக்குக் கஷ்டப்பட்டுக் கிடைப்பது. ஒரு வாயாவது குடிக்கட்டும். வலது கையால் வாங்கட்டும். வெளிக்கிடும்போது “போறம்” என்று சொல்லிவிடாதே, “போயிட்டு வாறம்” என்று சொல்லு. உன் அம்மா 1990 இல் அந்தப் படலையில் நின்று அதைத்தான் சொன்னாவாம். ஆச்சி அந்தச் சொல்லை அப்படியே என்னிடம் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றா.

அம்மாவின் ஆட்டைத்திவசத்துக்கு, அந்த ஆண்டு நினைவுச் சடங்குக்கு, ஐயரிடம் கதைத்துவிட்டேன். நீ திவசத்தை முடித்துக்கொண்டு தீவுக்குப் போகிறாயா, தீவுக்குப் போய்வந்து திவசமா? எனக்கு முதலாவதுதான் சரியென்று படுகிறது. பதிலில் அதை முதலில் எழுது, நான் ஆச்சிக்குச் சொல்லியனுப்ப வேண்டும். எங்கள் கூட்டாளி கட்டையும் வருகிறாளாம், குடையோடு.

அன்புடன்,
உன் மணி
யாழ்ப்பாணம்