மாத்திரை உறையும் ஆங்கில இலக்கணமும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நண்பா,

இங்கே அனைவரும் நலம். நியூ ஜெர்சியில் குளிர் உன் முழங்காலை அதிகம் படுத்தவில்லை என்று நம்புகிறேன்.

உன் பேத்தி அனுப்பிய பயிற்சிப் புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அமெரிக்கத் தாதியர் பள்ளியில் சேர்வதற்கான டீஸ் தேர்வுக்கு அவள் பென்சிலால் குறிப்பெழுதிப் படித்த அதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு, என் பேத்தி இரவுச் சாப்பாடு முடிந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்துவிடுகிறாள். இவள் எழுதப்போவது வேறு தேர்வுதான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு விண்ணப்பித்திருக்கும் தாதியர் கல்லூரி, நேர்முகத்துக்கு முன்பு தானே ஓர் ஆங்கிலத் தேர்வு வைக்கிறது. டீஸில் ஆங்கிலப் பகுதிக்கு 37 கேள்விகள், 37 நிமிடங்கள் என்பதால், நானும் கைப்பேசியில் மணி வைத்துக் கேள்விக்கு ஒரு நிமிடம் என்று கறாராக நடத்துகிறேன். தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் சிவப்புப் பேனா பிடித்த கை சும்மா இருக்குமா?

முதல் வாரம் முழுவதும் அவளைக் கடிந்துகொண்டே இருந்தேன். அது என் தவறு என்பது ஒரு மாத்திரை உறையால்தான் புரிந்தது. பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரை உறையில் ‘1 பீஜி, 2 காலி செஹாரி’ என்று மலாயில் அச்சிட்டிருந்ததை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ‘டேக் ஒன் டேப்லெட், டூ டைம் எ டே’ என்று எழுதினாள். ‘டைம்ஸ்’ எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, “இரண்டு தடவை என்றுதானே சொல்கிறோம் தாத்தா, இரண்டு தடவைகள் என்றா சொல்கிறோம்?” என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது நியாயமே. எண் முன்னால் வந்துவிட்டால் மலாய்ப் பெயர்ச்சொல் மாறுவதில்லை. தமிழிலும் பத்து மாத்திரை என்பதுதான் பேச்சு வழக்கு. அவள் அறிந்த இரண்டு மொழிகளும் ஒரே பக்கம் சாய்கிற இடத்தில் ஆங்கிலம் மட்டும் எதிர்ப்பக்கம் நிற்கிறது. அன்றிலிருந்து பிழையைத் திருத்துவதற்கு முன்பு, அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று இருவரும் சேர்ந்து தேடுகிறோம்.

‘தி’ என்னும் சிறு சொல்லையும் இப்படித்தான் பிடித்தோம். அதற்கு நேரான சொல் தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. ஆனால் ‘மாத்திரை சாப்பிட்டார்’ என்பதற்கும் ‘மாத்திரையைச் சாப்பிட்டார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ்க் காதுக்குத் தெரியும். இரண்டாவதில் வருவது நாம் முன்பே பேசிக்கொண்டிருந்த மாத்திரை. அஃறிணைப் பெயரில் ‘ஐ’ ஏறுகிற இடத்தில் பெரும்பாலும் ‘தி’ வரும் என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்றாலும், விட்டுப்போகும் ‘தி’க்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. காலம் காட்டுவதில் நிலைமை வேறு. மலாய் வினைச்சொல் நேற்றைக்கும் நாளைக்கும் உருமாறாமல் நிற்கும். தமிழ் வினையோ காலத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. எனவே வாக்கியத்தை முதலில் தமிழில் நினைத்துக்கொள் என்கிறேன். மருந்து கொடுத்தாயிற்று என்று எழுத வேண்டிய இடத்தில் கொடுக்க வேண்டும் என்பதுபோல் எழுதிவிட்டால், அடுத்த பணிநேரத்துக்கு வரும் தாதி அதே மருந்தை இன்னொரு முறை கொடுத்துவிடக் கூடும் அல்லவா?

என் பெருமையும் ஒரு நாள் சரிந்தது. ‘நெய்தர் ஆஃப் தி நர்ஸஸ்’ என்பதற்குப் பின் அவள் ‘இஸ்’ போட்டதை அடித்து ‘ஆர்’ என்று திருத்தினேன். விடைப் பக்கத்தில் ‘இஸ்’ என்றே இருந்தது. இருவரில் ஒருவரும் இல்லை என்பதால் வினை ஒருமையில்தான் நிற்க வேண்டுமாம். பாட்டி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

சொற்களில் அவளை அதிகம் ஏமாற்றுபவை தெரிந்த சொற்களே. ‘அக்யூட்’ என்றால் கடுமையானது என்று மனப்பாடம் செய்திருந்தாள். மருத்துவத்தில் அது திடீரெனத் தோன்றியதைக் குறிக்கிறது. அதற்கு எதிரான ‘க்ரானிக்’ என்பதற்கு நம் வைத்தியர்கள் சொல்லும் ‘நாட்பட்ட’ என்ற சொல்லைக் கொடுத்ததும் இரண்டும் விளங்கிவிட்டன. ‘பேட்டன்ட்’ என்றதும் காப்புரிமை என்றாள். மூச்சுக்குழாயைப் பற்றிச் சொல்லும்போது அடைப்பில்லாமல் திறந்திருப்பது என்று பொருள். ‘ஹைப்பர்’ மேல், ‘ஹைப்போ’ கீழ் என்பதை மட்டும் பாட்டியின் இரத்த அழுத்த அட்டையின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள், அட்டைக்கு உரியவரைக் கேட்காமலேயே. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் எழுதிக் கொடுத்த சீட்டை என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் மருந்து வாங்கக் கொண்டு ஓடினோமே, அந்த நாள்கள் நினைவுக்கு வந்தன.

உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். எழுத்தில் தேறிவிடுவாள் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது. பேச்சில்தான் தயங்குகிறாள், என் ஆங்கிலமோ பழைய தலைமையாசிரியர் ஆங்கிலம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே சனிக்கிழமை இரவாக இருக்கும். அந்த நேரத்தில் உன் பேத்தி ஓர் அரை மணி நேரம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) இவளுடன் ஆங்கிலத்திலேயே பேச முடியுமா என்று கேட்டுச் சொல். நான் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று இவளுக்கு இப்போதே வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உன் நண்பன்